நிரந்தர மாதிரிக் குடும்பம்

இந்தியாவின் பதினான்கு லட்சத்து இருபத்தாறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள் பூங்கோதையின் வீட்டில் குடியிருந்தன. வீடு பத்தடிக்கு எட்டடி. தகரக் கூரை. டெல்லியில் 'கேம்ப்' என்று சொல்கிற குடிசைப் பகுதி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், சாக்கடை நாற்றம் வழி காட்டும். சிரிக்காதீர்கள். இது அரசாங்கத்தின் கணக்கு. அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

நான் அனந்தகிருஷ்ணன். கரோல் பாகில் பிறந்து, அப்பாவைப் போலவே மத்திய சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தவன். ஓய்வுக்கு ஒரு வருடம் பாக்கி. இல்லத்துறை எரிசக்திப் போக்குகள் மதிப்பீட்டு இயக்ககத்தில் கள ஆய்வாளர். நாட்டு மக்கள் வீட்டில் எதை எரிக்கிறார்கள், விறகா, கேஸா, கரண்டா, எவ்வளவு எரிக்கிறார்கள், அதனால் எவ்வளவு கரியமில வாயு மேலே போகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்வது எங்கள் கடமை. எங்கள் அறிக்கைக்காக உலக நாடுகள் காத்திருக்கின்றன என்று டைரக்டர் ஜெனரல் ராமசுப்ரமணியன் அடிக்கடி சொல்வார். எனக்குத் தெரிந்து ஒரு நாடும் இதுவரை போன் செய்து கேட்டதில்லை.

எல்லா வீட்டுக்கும் போக முடியுமா? முடியாது. அதனால் சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, அங்கே பார்த்ததைப் பெருக்கி நாடு முழுவதற்கும் எழுதிவிடுவோம். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறார்கள், தப்பில்லை. "நகரம், குடிசை, வெளிமாநிலத்தார், கலப்பு எரிபொருள்" என்ற பிரிவுக்குப் பன்னிரண்டு வீடுகள் எடுத்தோம். நான்கு வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். மூன்று வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு எப்போது போனாலும் பூட்டியிருந்தன. இன்னும் இரண்டு வீடுகள், எங்கள் ஆட்கள் கான்டீனில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டே கற்பனையில் கட்டியவை என்று தணிக்கையில் தெரிந்தது. மிஞ்சியது பூங்கோதை. பன்னிரண்டு வீட்டுப் பாரமும் அவள் ஒருத்தி தலையில் ஏறியது.

முதல் நாள் அவள் என்னை உள்ளே விடவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம். டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருடம். சவுத் எக்ஸ்டென்ஷனில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள். புருஷன் ஜெயபால் பெயிண்ட் அடிக்கிறவன், போன ஜூனில் வெயிலில் மயங்கிச் சாரத்திலிருந்து விழுந்து, அன்றிலிருந்து வீட்டில் கிடக்கிறான்.

"போன வாரந்தான் ஒரு சர்வேக்காரன் வந்து கதவுல நம்பர் எழுதிட்டுப் போனான். கேம்ப்பயே எடுக்கப் போறாங்களாம். நீங்க என்னா எழுதப் போறீங்க?"

"நான் அடுப்பைப் பத்தி மட்டும்தாம்மா கேப்பேன்."

"அடுப்பையும் எடுக்கப் போறீங்களா?"

நான் பையிலிருந்து சான்றிதழை எடுத்தேன். சிங்க முத்திரை, பச்சை ஓரம், இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரே விஷயத்தை இரண்டு தடவை அடித்திருந்தது. அவளுக்காகத் தமிழில் படித்தேன். 'இந்த வீட்டில் வசிப்போர் இந்திய அரசின் நிரந்தர மாதிரிக் குடும்பமாக அங்கீகரிக்கப்படுகிறார்கள்.'

"நிரந்தரமா?"

"ஆமா."

"நிரந்தரம்னே போட்டிருக்குதா சார்?"

போட்டிருந்தது. ஐந்து வருடத்துக்கு மாற்றாமல் அதே வீட்டுக்கே வருவோம் என்பதைத்தான் எங்கள் ஆபீசில் நிரந்தரம் என்பார்கள். அதை நான் அவளிடம் விளக்கியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை. மறுநாளே அதை லாமினேஷன் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டை நிரந்தரம் என்று சொன்ன காகிதம் அது ஒன்றுதான்.

ஜனவரியில் முதல் தொல்லை. பூங்கோதையின் நாத்தனார் பிள்ளைகுட்டிகளோடு வந்து இருபது நாள் தங்கிவிட்டாள். டெல்லிக் குளிரில் எல்லோருக்கும் வெந்நீர் வேண்டுமே. சிலிண்டர் தீர்ந்துபோனதால், கட்டடம் கட்டுகிற இடத்திலிருந்து பலகைத் துண்டுகளைப் பொறுக்கிவந்து நாளைக்கு நாலு கிலோ கூடுதலாக எரித்திருக்கிறாள். நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கம்ப்யூட்டர் பெருக்கியது. இந்தியாவின் விறகுச் செலவு ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் டன் எகிறிவிட்டது.

ஆபீஸ் அலறியது. இப்படிப் பெருக்குகிற கம்ப்யூட்டர் மாடலைப் பார்த்துக்கொள்ளும் துணை இயக்குநர் ரோஹிணி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். கெட்டிக்காரிதான், ஆனால் இந்தி கலக்காமல் தமிழ் பேச வராது. "சார், யே க்யா ஹுவா, என்ன ஆச்சு? எல்லார் வீட்லயும் நாத்தனார் வந்தாளா?"

"ஒரு வீட்லதாம்மா வந்தா."

"மாடல்ல ஒரு வீடுன்னு ஒண்ணும் கிடையாது, சார். பதினாலு லட்சம் நாத்தனார் வந்திருக்கா."

அப்படியே அறிக்கையில் போயிற்று. 'கலாசாரக் காரணங்களால், மேற்படி காலாண்டில் பதினான்கு லட்சம் நாத்தனார்கள் தலைநகருக்கு வருகை புரிந்தனர்' என்று அடிக்குறிப்பு. ஓர் ஆலோசகர் அதைப் படித்துவிட்டு, இத்தனை பேரையும் ரயில்வே எப்படிச் சமாளித்தது என்று தனியாக ஓர் ஆய்வு நடத்தலாம் என்றார். அதற்கும் ஒரு கமிட்டி போட்டார்கள். அந்தக் கமிட்டி நான் இதை எழுதும்போதும் கூடிக்கொண்டிருக்கிறது.

மே மாதம் வந்தது. நாற்பத்தாறு டிகிரி. தகரக் கூரைக்குக் கீழே என்ன டிகிரி என்று எங்கள் படிவத்தில் கேட்பதில்லை. பூங்கோதை வேலை செய்கிற வீட்டு மேம்சாப் ஏ.சி. மாட்டிக்கொண்டு, பழைய கூலரை இவளுக்குக் கொடுத்துவிட்டாள். ஜெயபாலுக்கு உடம்பு சூடாகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சைக்கிள் ரிக்‌ஷாவில் கூலர் வந்து இறங்கியபோது கேம்ப்பே கூடிவிட்டதாம். நான் போன அன்று ஜெயபால் அதன் முன்னால் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் சிரித்து அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

'கூலர்: ஒன்று' என்று எழுதினேன். அந்த ஒன்றை எழுதாமல் விட்டிருக்கலாம். முப்பத்தைந்து வருடப் பழக்கம், கை எழுதிவிட்டது. பாவி!

பதினான்கு லட்சம் கூலர்கள் ஒரே நாளில் சுற்ற ஆரம்பித்தன. உச்ச நேர மின்தேவை இருநூற்று எண்பத்தைந்து மெகாவாட் கூடியது. மறுவாரம் ராமசுப்ரமணியன் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் பேச வேண்டியிருந்தது. 'ஏழை இல்லங்களின் மின்தேவை: உயர்வு ஏதுமில்லை' என்று படுக்கைக்கோடு போட்ட ஒரு படம்தான் அவருடைய பேச்சுக்கே உயிர். கோடு இப்போது எழுந்து நின்றது.

அவரே நேரில் வந்தார். ஆறு கார்கள். கேம்ப்புக்குள் நுழைய முடியாததால் வெளிச்சாலையில் வரிசையாக நின்றன. திரும்பி வரும்போது உள்ளே சில்லென்று இருக்க வேண்டுமே, அதனால் டிரைவர்கள் ஒன்றரை மணி நேரம் என்ஜினை அணைக்கவில்லை. எங்கள் இயக்ககம் இல்லங்களை மட்டும் அளக்கிறது, கார்களுக்கு வேறு இயக்ககம் இருக்கிறது.

ராமசுப்ரமணியன் மந்திர் மார்க் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவர். அதை ஆபீசில் யாரிடமும் சொல்வதில்லை. அன்றைக்கு அந்தத் தமிழை முழுசாக வெளியே எடுத்தார்.

"அம்மா, நீங்கள் உங்களை ஒரு சாதாரணப் பெண்மணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு போக்கு. உலக எரிசக்தித் தேவை ஆண்டுக்காண்டு ஏறுகிறது. நிலக்கரியைக் குறை, சூரியசக்தியைக் கூட்டு என்கிறார்கள். கூட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தேவை அதைவிட வேகமாக ஓடினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? இந்த விஷயத்தைப் பேசுவதற்காகப் போன வருடம் ஒன்பது நாடுகளுக்கு விமானத்தில் போனேன். எல்லா இடத்திலும் கைதட்டினார்கள். 'இவ்வளவு குறைவாக எரித்துக்கொண்டு எப்படி வாழ்கிறீர்கள்' என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண் கலங்கிவிட்டார். அந்தப் பாராட்டு யாருக்கு? உங்களுக்குத்தான். உங்கள் சார்பில் நான் வாங்கிக்கொண்டேன்."

பூங்கோதை என்னைப் பார்த்தாள். நான் முருகன் படத்தைப் பார்த்தேன்.

"சார், இவருக்கு ஒடம்பு சூடாவக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு."

"தெரியும்மா. ரொம்ப வருத்தம். ஆனால் அந்த விவரத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை."

"நாங்க ஒரே ஒரு கூலருதான சார் போட்டோம்?" என்றான் ஜெயபால்.

"பதினான்கு லட்சம் பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்," என்றார் ராமசுப்ரமணியன், மிகுந்த பரிவோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "கூலர் தொடர்ந்து ஓடினால் உங்கள் நுகர்வு பிரிவுக்குப் பொருந்தாமல் போய்விடும். அப்புறம் நிரந்தர அந்தஸ்தை ரத்து செய்ய வேண்டி வரும்."

பூங்கோதையின் கண் லாமினேஷன் காகிதத்துக்குப் போயிற்று. கதவில் சர்வேக்காரன் எழுதிய நம்பருக்குப் போயிற்று.

வழி கண்டுபிடித்தது ரோஹிணி. "தூக்கிட்டுப் போக வேண்டாம் சார், பாவம். பிளக்குக்கு சீல் வெச்சிடலாம். மாடல்ல ஃபர்னிச்சர்னு போட்டுக்கறேன்."

"சீலு வெச்சா, பேப்பரு இருக்குமா?" என்று பூங்கோதை கேட்டாள்.

"இருக்கும்."

"அச்சா. வெய்ங்க."

பியூன் அரக்கை உருக்கினான். பிளக்கின் மூன்று கம்பியையும் துணியில் சுற்றி, அரக்கு ஊற்றி, சிங்க முத்திரை குத்தினார்கள். 'அரசு முத்திரை, தொடாதீர்' என்று கூலரின் நெற்றியில் ஓர் அட்டை. 'மின்சாரம் சாராத மரச்சாமான்: ஒன்று' என்று நான் படிவத்தைத் திருத்தினேன். கோடு மறுபடி படுத்துக்கொண்டது. ராமசுப்ரமணியன் மாநாட்டுக்குப் பறந்தார்.

திங்கள்தோறும் போய் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை ஆயிற்று. ஜெயபால் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஓடாத கூலரின் முன்னாலேயே படுத்திருப்பான். ஜூன் நடுவில் ஒரு திங்கள், அவன் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வேலையும் ஆச்சு வெங்காயமும் ஆச்சு என்று சீலில் கையை வைத்துவிட்டேன். பூங்கோதை ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"வேணாம் சார். வெயிலு ரெண்டு மாசத்துல போயிடும். வூடு போச்சின்னா வருமா?"

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

செப்டம்பரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாலா என்கிற அந்தச் சாக்கடைக் கரையைக் காலி செய்ய வேண்டும். தகுதியுள்ளவர்களுக்கு ஊர்க் கோடியில் நரேலாவில் ஃபிளாட். தகுதிப் பட்டியலில் பாதிப் பேர் இருந்தார்கள். பூங்கோதை பெயர் இல்லை. காரணம் கேட்க நானே அவளோடு நோட்டீஸ் ஒட்டிய ஆபீசுக்குப் போனேன். ஏழு கவுன்ட்டர் தாண்டி ஒரு குமாஸ்தா ஃபைலைப் புரட்டிச் சொன்னான். இரண்டாவது தடவை சர்வே எடுத்தவன் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான். சிங்க முத்திரை, 'அரசு முத்திரை, தொடாதீர்'. தயக்கமே இல்லாமல் எழுதிவிட்டான்: 'அரசு உபயோகத்தில் உள்ள இடம். குடும்பம் வசிக்கவில்லை.'

"அப்போ ஜெயபாலு யாருன்னு கேளுங்க சார்! அங்கியே படுத்திருந்தாரே!"

கேட்டேன். 'காவலாளி இருக்கிறார்' என்று கீழே ஒரு குறிப்பு இருப்பதாகக் குமாஸ்தா சொன்னான்.

நான் ராமசுப்ரமணியனிடம் ஓடினேன். ஒரு கடிதம், ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள், அது குடும்பம் வசிக்கிற வீடு, சீல் வைத்தது நாம் என்று எழுதுங்கள் என்று கெஞ்சினேன். அந்த அறையில் முப்பத்தைந்து வருடத்தில் நான் குரல் உயர்த்தியது அன்றுதான்.

"அனந்தகிருஷ்ணன், உட்காருங்கோ. தண்ணி குடிங்கோ. நாம அளக்கறவா. அளக்கற வீட்டு விஷயத்துல நாம தலையிட்டா டேட்டா கெட்டுப்போகும். தெர்மாமீட்டர் போய் ஜுரத்தைக் குறைக்குமா?"

"கூலருக்கு சீல் வெச்சோமே சார்?"

"அது தலையீடு இல்லை. தரக் கட்டுப்பாடு."

"அந்த வீடு போனா நம்ம பிரிவே போயிடும் சார். பதினாலு லட்சம் வீடு."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். நானும் முட்டாள்தனமாக நம்பினேன். "எப்போ இடிக்கறா? காலாண்டு முடியறதுக்கு முன்னாலயா, அப்புறமா?" என்றார்.

முன்னால்தான் இடித்தார்கள். காலை பத்து மணிக்கு மூன்று ஜே.சி.பி. வந்தது. பூங்கோதை லாமினேஷன் காகிதத்தை இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பொறுப்பதிகாரி இளவயதுக்காரர், மரியாதையாகவே வாங்கிப் படித்தார். இந்தியில் என்னிடம் கேட்டார்: "அங்கிள், இது நிஜக் காகிதமா?"

"நிஜம்தான். இந்த வீடு பதினான்கு லட்சம் வீட்டுக்குச் சமம்."

அவர் தன் பட்டியலைப் பார்த்தார். "என் லிஸ்ட்டில் ஒன்றுதான் இருக்கிறது அங்கிள். மற்றவற்றை நான் தொடமாட்டேன்."

நாலு நிமிடம் ஆனது. அரசுச் சொத்து என்பதால் கூலரை மட்டும் பத்திரமாக வெளியே எடுத்து வைத்து, என்னிடம் ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

காலாண்டுப் படிவம் நிரப்பும் நாள் வந்தது. விறகு, கேஸ், மின்சாரம் எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்டு, 'வீடு இல்லை' என்று எழுதினேன். கம்ப்யூட்டர் காலிக் கட்டத்தை ஏற்பதில்லை. அதுவாகவே பூஜ்யம் போட்டுக்கொண்டது. பூஜ்யத்தைப் பதினான்கு லட்சத்தால் பெருக்கினால் என்ன வரும் என்பதற்கு ரோஹிணி தேவையில்லை. அவளே என் மேஜைக்கு வந்துவிட்டாள்.

"சார், ஜீரோவா? சாப்பிடவே இல்லையா?"

"வீட்டை இடிச்சுட்டாம்மா."

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை மறைக்கவில்லை. "நான் மேலே சொல்றேன் சார்," என்று போனாள். போனவள் ஒரு பூங்கொத்தோடு திரும்பினாள். மாடல் கண்டுபிடித்த சரிவுக்காக ராமசுப்ரமணியன் கொடுத்தாராம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் கேன்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விழா விஞ்ஞான அரங்கத்தில் நடந்தது. எங்களுக்கெல்லாம் பச்சைத் துண்டு. ராமசுப்ரமணியன் மைக்கைப் பிடித்தார். "ஒரே காலாண்டில் கரியமில வாயு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் டன் சரிந்திருக்கிறது. இதில் ஒரு காற்றாலை இல்லை, ஒரு சூரியத் தகடு இல்லை, ஒரு புதிய கருவி இல்லை. பதினான்கு லட்சம் ஏழைக் குடும்பங்கள் விறகைத் துறந்தன, நிலக்கரி மின்சாரத்தைத் துறந்தன, எரிவாயுவையும் துறந்தன. எதற்கும் மாறவில்லை, எல்லாவற்றையும் விட்டுவிட்டன. இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்தேன். பக்கத்து சீட்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அவர்களைத் தேடிப் போனேன். மேம்பாலத்துக்கு அடியில், மூன்று செங்கல் வைத்துப் பூங்கோதை கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். எரிந்துகொண்டிருந்தது அவர்கள் வீட்டுக் கதவு நிலை. பச்சைப் பெயிண்ட் பொசுங்கிப் புகை கண்ணைக் கரித்தது. பாலத்தடி எங்கள் விதிப்படி வீடு இல்லை, அதனால் அந்தப் புகையை எழுத எங்கும் இடம் கிடையாது. ஜெயபால் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரு செங்கல்லைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். எங்களோட சேத்தி பதினாலு லட்சம் குடும்பம்னு அந்தப் பெரிய சாரு சொன்னாரே. அவங்க எல்லாத்துக்கும் நரேலால வூடு குடுத்துட்டாங்களா? இல்ல, எங்கள மாதிரியே ரோட்லதான் நிக்கறாங்களா?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலைம்மா," என்றேன்.

"நெசமாவா? யாரையும் எடுக்கலியா?"

"யாரையும் எடுக்கலை."

"மாரியாத்தா!" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இடிச்சதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல சார். நம்மளால அத்தன பேரும் நடுத்தெருவுக்கு வந்துட்டாங்களேன்னு." பிறகு தூண் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். "இங்க பாருய்யா, நம்ம ஒரு வூடுதானாம்!"